சோற்றைத் தராசில் வைத்தபோது: சர்க்கரை வந்தவருக்கான முழுமையான சாப்பாட்டு வழிகாட்டி

என் மதியச் சோறு 410 கிராம்.

சர்க்கரை வந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த வாரத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவந்து, வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்பு யார் கேட்டாலும் "ரெண்டு கரண்டிதான் சாப்பிடுவேன்" என்பேன். பொய்யில்லை, ரெண்டு கரண்டிதான். ஆனால் எங்கள் வீட்டு அன்னக்கரண்டி, வீட்டு விசேஷத்துக்கு ஆகட்டும் என்று அம்மா ஊரில் வாங்கியது. பந்தியில் பரிமாறுகிற சைஸ்.

வெந்த சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அப்படியானால் என் தட்டில் 115 கிராம். அதற்குப் பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வேறு, மேலே ஒரு அப்பளம் வேறு. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டீயில் போகிற ஒரு ஸ்பூன் சர்க்கரை 5 கிராம்தான்.

அந்த வாரம் ஒரு கிளினிக்கில் அச்சடித்த டயட் அட்டை கொடுத்தார்கள். கேக், ஜாம், ஐஸ்கிரீம், குளிர்பானம் கூடாது என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. நான் ஜாம் சாப்பிட்டு 20 வருஷம் ஆகியிருக்கும். நான் தினமும் மூன்று வேளையும் சாப்பிடுவதைப் பற்றி அந்த அட்டையில் ஒரே வரி: "சாதம் அளவோடு". எந்த அளவு? யார் வீட்டுக் கரண்டி? இந்த வழிகாட்டி அந்த ஒரு வரியின் விரிவுதான்.

முதலில் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சமையலறைக்குப் போவதற்கு முன் ரிப்போர்ட்டைப் படித்துவிடுவோம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் வாசலில் நிற்கிறீர்கள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 126 (ஒரு டெசிலிட்டரில் மில்லிகிராம் கணக்கு) அல்லது அதற்கு மேல் வந்தாலும் சர்க்கரைதான். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல் பெரும்பாலும் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். வந்த பிறகு பெரும்பாலானோருக்கு டாக்டர்கள் வைக்கிற இலக்கு: எச்பிஏ1சி 7-க்குள், வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள். வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் இந்த இலக்கைத் தளர்த்துவார்கள்.

சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். ஒன்று, எனக்கு எழுதியிருக்கிற மாத்திரை சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளக்கூடியதா? கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகையும் இன்சுலினும் அப்படிப்பட்டவை. அவற்றைப் போட்டுக்கொண்டு சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் மயங்கி விழ நேரிடும், மருந்தின் அளவையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு விடுவதோ நாள்கணக்கில் விரதம் இருப்பதோ ஆபத்து. இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். இரண்டாவது, என் கிட்னி எப்படி இருக்கிறது? பருப்பும் முட்டையும் எவ்வளவு சேர்க்கலாம் என்பது அதைப் பொறுத்தது. மூன்றாவது, எனக்கு வந்திருப்பது டைப் 2தானா? ஒல்லியான ஆள், வேகமாக எடை குறைகிறது, தாகமும் சிறுநீரும் அடங்கவில்லை என்றால் வேறு வகையாக இருக்கலாம். அதற்கு இன்சுலின் வேண்டும், சாப்பாட்டு மாற்றம் மட்டும் போதாது.

ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. ரிப்போர்ட் வந்த அன்றே ஓட்ஸ் பாக்கெட் வாங்கிவிடுவார்கள். வேண்டாம். ஒரு வாரம் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், ஆனால் எழுதுங்கள். எத்தனை இட்லி, எவ்வளவு சோறு, எத்தனை டீ, நடுவில் கையில் கிடைத்த முறுக்கு வரைக்கும். தராசு இல்லையென்றால் ஒரு டம்ளரை அளவாக வைத்துக்கொள்ளலாம். அதே டம்ளர் தினமும் என்பதுதான் முக்கியம்.

என் நோட்டில் அந்த வாரம் தெரிந்தது இது: காலையில் ஐந்து இட்லி, மதியம் அந்த 410 கிராம், சாயந்திரம் இரண்டு பஜ்ஜி, இரவு நான்கு தோசை. பொரியல் என்று இருந்தது ஊறுகாய் அளவு. பருப்பு என்று இருந்தது சாம்பாரின் அடியில். மூன்று வேளையும் அரிசிதான், உருவம்தான் வேறு. இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. நம் நாட்டில் சராசரியாக ஒருவர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று, நாடு முழுக்கச் சர்க்கரை நோயைக் கணக்கெடுக்கும் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2025-ல் சொன்னது. அதே ஆய்வுக் குழு 2022-ல் ஒரு கணக்குப் போட்டிருந்தது. புதிதாகச் சர்க்கரை வந்தவருக்கு அது தணிய வேண்டுமானால் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கி, புரதத்தை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அரிசியை அடியோடு விடச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

சோற்றை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள்

நம் சாப்பாட்டில் சோறுதான் மையம், மற்றதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள. இதைத் தலைகீழாக்க வேண்டும். காய்தான் சாப்பாடு, சோறு அதற்குத் துணை. சொல்ல எளிது. செய்யும்போது முதலில் இடிப்பது அடுப்பு வேலை, ஏனென்றால் நாலு பேர் வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்கிற பழக்கம். இனி ஒரு ஆளுக்கே ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 200 கிராம் காய் வேண்டும். எங்கள் வீட்டில் காய்கறிச் செலவு ஏறியது, அரிசி மூட்டை நீண்ட நாள் வந்தது. வாணலிகூடப் பெரிதாக வாங்க வேண்டியிருந்தது.

எந்தக் காய்? வெண்டை, கத்தரி, அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கை, சுரை, கோவைக்காய், முட்டைக்கோஸ், வாழைப்பூ, வாழைத்தண்டு, எந்தக் கீரையானாலும் சரி, தாராளமாக. உருளை, சேனை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் இவற்றைக் காய்க் கணக்கில் எழுதாதீர்கள், சோற்றுக் கணக்கில் எழுதுங்கள். கிழங்கு வைத்த அன்று சோறு அந்த அளவுக்குக் குறைய வேண்டும். கேரட், பீட்ரூட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஒரு கைப்பிடி பொரியலில் ஒன்றும் ஆகாது. ஜூஸ் போட்டுக் குடித்தால்தான் சிக்கல்.

சோறு 100 முதல் 120 கிராம், அதாவது ஒரு சின்னக் கிண்ணம். அதில் 30 கிராம் சுற்றளவில் மாவுச்சத்து. பருப்பு, காய், மோர் எல்லாம் சேர்ந்து அந்த வேளைக்கு 45-50 கிராமில் நிற்கும். பலருக்குத் தொடங்க இது நல்ல அளவு. வயல் வேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு இது போதாது. அவர்கள் எவ்வளவு என்பதை டாக்டரோடும், வீட்டில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மீட்டரோடும் கலந்து முடிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் 400-லிருந்து 100-க்கு இறங்காதீர்கள். நான் வாரம் 80 கிராம் வீதம் குறைத்தேன், காய் அதே வேகத்தில் ஏறியது. வயிறு ஏமாந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது தட்டைப் பார்த்துவிட்டு, "ஏல, என்ன கோழிக்குத் தூவுற மாதிரி வச்சிருக்க?" என்றாள். சொல்லிக்கொண்டே கரண்டியை எடுத்தாள். நம் வீடுகளில் டயட் தோற்பது மன உறுதி இல்லாமல் அல்ல, இன்னொரு கரண்டி விழுவதால்தான். அதற்கு ஒரு வழி உண்டு: சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தட்டோடு உட்காருங்கள், பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது சாப்பிடும் வரிசை. முதலில் காய், பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. இப்படிச் சாப்பிட்டால், அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. காசு செலவில்லாத மாற்றம் இது. வெறும் பொரியலை எப்படிச் சாப்பிடுவது என்று முதல் மூன்று நாள் தோன்றும். உப்பைக் குறைத்துச் சமைத்தால் தாராளமாகச் சாப்பிட வரும்.

என்ன அரிசி என்று கேட்பீர்கள். பச்சரிசியைவிடப் புழுங்கல் பரவாயில்லை. கைக்குத்தல், மாப்பிள்ளைச் சம்பா, கவுனி இவற்றில் நார்ச்சத்து கூடுதல், மெல்லவும் நேரம் எடுக்கும். குழைய விடாமல் உதிரியாக வடித்தால் இன்னும் நல்லது. பழைய சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை, ஆனால் அந்தக் கொஞ்சத்தை நம்பி ஒரு சட்டி சாப்பிட முடியாது. அரிசி வகையைத் தேடி அலைவதைவிட அளவைப் பிடித்தால் பலன் பல மடங்கு.

கேழ்வரகுக் கூழும் சிறுதானிய மாயையும்

எனக்குக் கிடைத்த முதல் அடி இதில்தான். சோற்றை விட்டுவிட்டுக் காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்தேன். சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே. இரண்டு மணி நேரத்தில் மீட்டர் காட்டியது 238. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாளும் குடித்துப் பார்த்தேன். 231.

காரணம் சாதாரணமானது. கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. அரிசிக்குப் பெரிய தூரமில்லை. அதை நைஸாக அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மெல்லாமல் குடித்தால் குடலில் வேலையே இல்லாமல் இரத்தத்துக்குப் போய்விடுகிறது. கம்பங்கூழ், ஓட்ஸ் கஞ்சி, சத்துமாவுக் கஞ்சி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கேழ்வரகில் கால்சியம் அதிகம், நல்ல தானியம்தான். அதைக் குடிக்காமல் மென்று சாப்பிடுகிற மாதிரி, முருங்கைக்கீரை நிறையப் போட்ட ஒரு அடையாகச் சாப்பிட்டபோது அதே மீட்டர் 160 பக்கம் நின்றது.

தினை, சாமை, வரகு, குதிரைவாலி விஷயமும் இப்படித்தான். தவிடு போகாததாகப் பார்த்து வாங்கினால் நார்ச்சத்து கிடைக்கும். கடையில் பளபளவென்று வெள்ளையாக இருப்பது தீட்டியது. சோற்றுக்குப் பதில் அதே 400 கிராம் தினைச் சோறு சாப்பிட்டுவிட்டு ஏன் குறையவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. வெள்ளை அரிசியை விட்டு அரைத்த கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை, மொத்த மாவுச்சத்தும் குறைய வேண்டும் என்று மேலே சொன்ன 2025 ஆய்வும் சொல்கிறது. இரவில் சப்பாத்திக்கு மாறியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரு சப்பாத்தியில் 20 கிராம் போல மாவுச்சத்து, நான்கு சப்பாத்திக்கு 80.

டிபன்தான் கஷ்டம்

மதியச் சாப்பாட்டைத் திருத்துவது சுலபம். டிபன் அப்படியில்லை. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், உப்புமா என்று எல்லாமே மாவு. ஒரு நடுத்தர இட்லியில் 10-12 கிராம், ஒரு சாதா தோசையில் 20 கிராமுக்கு மேல். தேங்காய்ச் சட்னி ருசி தரும், புரதம் தராது.

எனக்கு ஒத்துவந்தது இதுதான்: இட்லி இரண்டு, சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய, அதில் காய் மிதக்க வேண்டும், கூடவே இரண்டு அவித்த முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். முட்டை இட்லிக்குச் சேருமா என்று என் மனைவி முதல் நாள் சிரித்தாள். இப்போது அவளும் அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

அடைதான் என் கட்சி. வழக்கமாக அரிசி அதிகம், பருப்பு குறைவாகப் போடுவோம். அதைப் புரட்டிவிடுங்கள். ஒரு பங்கு புழுங்கல் அரிசிக்கு இரண்டரைப் பங்கு பருப்பு: கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கொஞ்சம் உளுந்து. கொள்ளு இருந்தால் ஒரு கைப்பிடி. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயமும் கீரையும் மாவுக்குச் சமமாகச் சேர்த்து, கனமாக ஊற்றி மூடிபோட்டு வேகவிடுங்கள். இரண்டு அடையில் வயிறு நிறையும், பதினொரு மணிக்குப் பசிக்காது. முழுப் பச்சைப்பயறை ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாய் போட்டு அரைத்து ஊற்றும் பெசரட்டும் இதே இனம், இன்னும் வேகமாக வேலை முடியும்.

உப்புமா பண்ண வேண்டியிருந்தால் ஒரு பங்கு ரவைக்கு இரண்டு பங்கு காய். அப்போது அது உப்புமா இல்லை, காய்க் கிளறல் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். இடியாப்பமும் புட்டும் எப்போதாவது. அவற்றுக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வேண்டாம், கொண்டைக்கடலைக் குழம்பு போதும்.

புரதத்தை எங்கிருந்து கொண்டுவருவது

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். நாலு பேர் சாம்பாருக்கு 60 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 15 கிராம், அதில் புரதம் 3 கிராமைக் கொஞ்சம் தாண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 60-70 கிராம் புரதம் வேண்டும் என்றால், சாம்பாரை நம்பினால் நடக்காது.

சாம்பாரைக் கெட்டியாக்கி ஆளுக்கு 30 கிராம் பருப்பு விழ வையுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம். மீன் 100 கிராமில் 20 கிராம் பக்கம் வரும். மத்தி, நெத்திலி, காரல் என்று மலிவான மீனே போதும், வஞ்சிரம் தேவையில்லை, பொரிக்காமல் குழம்பில் போட்டால் சரி. சைவமாக இருந்தால் பனீர், சோயா, தயிர், சுண்டல், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கைப்பிடி என்றால் 30 கிராம். பாக்கெட்டைப் பிரித்து டிவி முன்னால் உட்கார்ந்தால் அது 150 கிராம் ஆகிவிடும், என் அனுபவம். சைவர்கள் மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் வேலை என்று விட்டுவிடாமல் அதையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்ப அடுப்பில் ஏற்ற வேண்டாம், அவ்வளவுதான்.

டீ, பழம், கருப்பட்டி

ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. டீக்கடையில் "சக்கரை கம்மியா" என்று சொன்னால் மாஸ்டர் கணக்கில் அது ஒன்றரை ஸ்பூன். "சக்கரை இல்லாம" என்றே சொல்லுங்கள். பத்து நாளில் நாக்கு பழகிவிடும், எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் இவையெல்லாம் சர்க்கரையே. கருப்பட்டியில் தாதுக்கள் உண்டு, ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள்தான். கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். "சுகர் ஃப்ரீ" என்று எழுதிய பிஸ்கட்டில் சர்க்கரை இருக்காது, மைதா இருக்கும்.

பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், குடிக்காதீர்கள். கொய்யா தினமும் ஒன்று, கொஞ்சம் காயாக இருந்தால் இன்னும் நல்லது. நாவல், நெல்லி, ஒரு கிண்ணம் பப்பாளி, ஆரஞ்சு இவையும் சரி. வாழைப்பழம் ஏலக்கி ஒன்று, அல்லது பெரியதில் பாதி. மாம்பழம் இரண்டு கீற்று, பலா இரண்டு சுளை. சாப்பாட்டின் முடிவில் சோற்றுக்கு மேல் பழம் வைப்பதுதான் தவறு. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். இளநீர் எப்போதாவது ஒன்று பரவாயில்லை, அது தண்ணீர் இல்லை என்று மட்டும் தெரிந்திருக்கட்டும்.

வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ பற்றிக் கேட்காத ஆள் இல்லை. வெந்தயத்தின் நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதைக் கொஞ்சம் மெதுவாக்கும். பாகற்காய் நல்ல காய், பொரியலாக நிறையச் சாப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாகற்காய் ஜூஸ் குடிப்பது வேறு சங்கதி. எங்கள் தெருவில் அப்படி நிறுத்திய ஒருவர் காலில் ஆறாத புண்ணோடுதான் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மீட்டரை வாத்தியாராக்குங்கள்

புத்தகம் சொல்வதைவிட உங்கள் விரல் நுனி சொல்வது சரி. ஒரே இட்லி எனக்கு ஒரு விதமாகவும் என் அண்ணனுக்கு இன்னொரு விதமாகவும் ஏறுகிறது. மீட்டரில் செருகுகிற ஸ்ட்ரிப் விலை அதிகம் என்பதால் தினமும் குத்த வேண்டாம். வாரத்துக்கு ஒரு சாப்பாட்டைச் சோதிக்கலாம்: சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை. இரண்டுக்கும் இடையில் 40-50 ஏறினால் அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துவருகிறது. 100 ஏறினால் அதே சாப்பாட்டை அளவு குறைத்தோ முட்டை சேர்த்தோ அடுத்த வாரம் திரும்பச் சோதியுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் வீட்டு மெனு முழுவதற்கும் எண் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஒருநாள் 287 காட்டியது. பதறிப்போனேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, பத்து நிமிஷத்துக்கு முன் பிள்ளைகளுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருந்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு, வேறு விரலில் குத்தினால் 158. விரலில் ஒட்டிய மாம்பழச் சாறுதான் அந்த 287.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு 15 நிமிஷம் நடங்கள். மாடிப்படி, தெரு, வராண்டா எதுவானாலும் சரி. சாப்பிட்டவுடன் நடக்கிற அந்தக் கால் மணி நேரத்தில், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசை நேராக எடுத்துக்கொள்ளும். அதை என் மீட்டரிலேயே பார்க்க முடிந்தது, 20-30 எண் வித்தியாசம்.

தாழ்ந்துபோனால்

கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம். மீட்டரில் 70-க்குக் கீழே. யோசிக்க நேரமில்லை: மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொருமுறை. சாக்லேட், பிஸ்கட் வேண்டாம், அவை மெதுவாக ஏறும். ஏறிய பிறகு அடுத்த வேளைக்கு நேரமிருந்தால் ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும், வெறும் வயிற்றில் மது குடிப்பதும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். சஷ்டி, ஏகாதசி, ரமலான் நோன்பு எதுவானாலும் முதலில் டாக்டரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

குணமாகுமா

எல்லோரும் கேட்கிற கேள்வி. தணியும், சிலருக்கு மாத்திரை இல்லாமலே. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் நடத்திய டைரக்ட் என்ற ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களுக்கு, டாக்டர் கண்காணிப்பில், மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் தரும் பானங்களைக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமல் சர்க்கரை தணிந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாவது வருஷ முடிவில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. வீட்டில் தனியாக 850 கலோரியில் இறங்கிவிடாதீர்கள். அவர்கள் மருந்தை முதல் நாளே நிறுத்திக் கண்காணித்தார்கள்.

நம் உடம்புக்கு இடுப்பளவு நல்ல அடையாளம்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால் முதலில் குறைய வேண்டியது அதுதான். எனக்கு எச்பிஏ1சி 8.9-ல் தொடங்கி எட்டு மாதத்தில் 6.6 ஆனது, எடை 9 கிலோ குறைந்தது. மெட்ஃபார்மின் பாதியானது, நிற்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. எண் எப்படி இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

விசேஷ வீடு

கடைசியாக, எல்லோருடைய டயட்டும் உடைகிற இடம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. கிளம்பும் முன் வீட்டில் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டேன், பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தால் தோல்விதான். இலையில் அவியல், கூட்டு, பொரியல், பச்சடி விழுந்ததும் அவற்றை முதலில் முடித்து, அவியலை இரண்டாம் முறையும் வாங்கினேன். சோறு வரும்போது கையை இலைக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு "கொஞ்சமா" என்று இரண்டு முறை சொன்னேன், ஏனென்றால் ஒருமுறை சொன்னால் பரிமாறுகிறவர் காதில் விழாது. சாம்பாருக்கு மட்டும் சோறு, ரசத்தைக் குடித்துவிட்டேன், மோருக்குச் சோறு வாங்கவில்லை. அப்பளம், ஜாங்கிரி பக்கத்து இலைப் பையனுக்குப் போனது. பாயசம் மூன்று ஸ்பூன். அதற்கு மண்டபத்தைச் சுற்றி 20 நிமிஷம் நடந்தேன்.

காரில் வைத்துக் குத்திப் பார்த்தேன், 171. பின்சீட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பாயசத்த மட்டும் விடமாட்டியேல" என்றாள்.